டர்போ எஞ்சினுக்கு வாட்டர் இன்ஜெக்‌ஷன் கிட்: தண்ணீர் நின்றுபோனால் என்ன செய்யும் என்று பார்த்து வாங்குங்கள்

டர்போ எஞ்சினுக்குள் போகும் காற்றில் தண்ணீரை நுண்ணிய மூட்டமாக அடித்துக் குளிர்விப்பதுதான் இந்த ஏற்பாடு. எந்தக் கம்பெனி வாட்டர் இன்ஜெக்‌ஷன் கிட்டை வாங்கினாலும் பெட்டிக்குள் இருப்பது ஏறத்தாழ ஒரே சாமான்கள்தான்: 12 வோல்ட் டயஃப்ரம் பம்ப், 6 மில்லிமீட்டர் நைலான் ட்யூப், இரண்டு மூன்று அளவுகளில் நாசில் (தண்ணீரைத் தூவும் முனை), டேங்க், லெவல் சுவிட்ச், கன்ட்ரோலர், ஒரு கட்டு ஒயர். ஆனால் விலை எக்கச்சக்கமாக வேறுபடும். அந்த வேறுபாட்டைப் பம்பிலோ நாசிலிலோ தேடிப் பயனில்லை. ஃபுல் பூஸ்டில் (டர்போ காற்றைத் திணிக்கும் அழுத்தம் உச்சத்தில் இருக்கையில்) வண்டி போய்க்கொண்டிருக்கும்போது தண்ணீர் வராமல் போனால் கிட்டுக்கு அது தெரியுமா, தெரிந்தால் எவ்வளவு சீக்கிரம் பூஸ்டைக் குறைக்கும்? காசு கொடுக்க வேண்டியது அதற்குத்தான்.

சந்தையில் அடிக்கடி அடிபடும் பெயர்கள் ஏஇஎம், ஸ்னோ பெர்ஃபார்மன்ஸ், அக்வாமிஸ்ட் மூன்றும். இவர்களின் கிட்கள் தண்ணீரை அளக்க மூன்று வழிகள் உண்டு. அதற்குப் போகுமுன் தண்ணீர் உள்ளே போய் என்ன செய்கிறது என்ற கணக்கைப் பார்த்துவிடலாம். கிட்டின் அளவைத் தேர்ந்தெடுக்க அந்தக் கணக்குதான் கைகொடுக்கும்.

தண்ணீரின் கணக்கு

ஒரு கிலோ தண்ணீர் ஆவியாவதற்குச் சுமார் 2,257 கிலோஜூல் வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். மெத்தனாலுக்கு இது சுமார் 1,100. பெட்ரோலுக்கு சுமார் 350தான். டர்போ பெட்ரோல் எஞ்சினில் ஃபுல் லோடில் மிக்ஸ்சரை ரிச் ஆக்குவதன் (காற்றுக்குத் தேவையானதை விட அதிகப் பெட்ரோல் கொடுப்பதன்) நோக்கத்தில் பாதி, அந்த உபரி பெட்ரோலை வைத்துக் குளிர்விப்பது. அதே வேலையைத் தண்ணீர் எடைக்கு எடை ஆறு மடங்குக்கும் மேல் செய்கிறது. நாக்கிங் (கலவை நேரம் தவறித் தானாக வெடிப்பது) அடங்குகிறது, எக்ஸாஸ்ட் வெப்பநிலை இறங்குகிறது, டர்பைனுக்கும் கொஞ்சம் மூச்சு கிடைக்கிறது.

ஃபுல் லோடில் 250 குதிரைத்திறன் தரும் ஒரு டர்போ எஞ்சினை எடுத்துக்கொள்வோம். கொஞ்சம் ரிச்சாக ஓடும்போது மணிக்கு ஏறக்குறைய 68 கிலோ பெட்ரோல் குடிக்கும். நிமிடத்துக்கு ஒன்றரை லிட்டர். தண்ணீரைப் பெட்ரோலின் அளவில் 10 முதல் 25 சதவீதம் வரை கொடுப்பது வழக்கம். 15 சதவீதத்தில் ஆரம்பித்தால் நிமிடத்துக்கு 230 சிசி. அதே நேரத்தில் உள்ளே போகும் காற்று சுமார் 13 கிலோ. அத்தனை தண்ணீரும் காற்றிலேயே ஆவியானால் காற்று 40 டிகிரி குளிர வேண்டும்.

நடப்பில் அப்படிக் குளிராது. த்ராட்டில் பாடிக்கும் (காற்றை உள்ளே விடும் கதவு) சிலிண்டர் வால்வுக்கும் நடுவில் இருக்கும் சில மில்லி செகண்டில் ஒரு பங்கு தண்ணீர்தான் ஆவியாகும். மீதி துளியாகவே சிலிண்டருக்குள் போய், கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கில் சூடேறும்போது ஆவியாகும். நாக்கிங்கை அடக்குவது பெரும்பாலும் அந்த மீதிதான். அதனால் இன்டேக் டெம்பரேச்சர் எவ்வளவு இறங்கியது என்பதை வைத்து ஒரு கிட்டை எடைபோடாதீர்கள். நாசிலுக்குக் கீழே சென்சார் இருந்தால் அது நனைந்து, காற்றின் வெப்பநிலையை விடக் குறைவாகவே காட்டும். "முப்பது டிகிரி இறங்கிடுச்சு" என்று ஸ்கிரீன்ஷாட் போடுபவர்கள் பெரும்பாலும் நனைந்த சென்சாரைத்தான் படம் பிடித்திருக்கிறார்கள். இதில் ஆபத்தும் உண்டு. அந்தக் குறைந்த எண்ணை நம்பி ஈசியூ (எஞ்சினை நடத்தும் கணினி) டைமிங்கை, அதாவது ஸ்பார்க் முன்கூட்டி அடிக்கும் அளவை, கூட்டிவிடும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ட்யூனைத் (ஈசியூவில் உள்ள பூஸ்ட், டைமிங், பெட்ரோல் அமைப்புகளை) தொடாமல் வெறும் தண்ணீரை மட்டும் அடித்தால் பவர் கூடாது. தீ பரவும் வேகம் குறைவதால் ஒரு பிடி குறையவே செய்யும். விதிவிலக்கு ஒன்று உண்டு. வெயிலில், கீழ் ஆக்டேன் பெட்ரோலில், நாக் சென்சார் ஏற்கெனவே டைமிங்கைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டிருக்கும் வண்டி என்றால், இழந்த டைமிங் திரும்பி வரும். மற்றபடி ஆதாயம் எல்லாம் ட்யூனில்தான்.

அளக்கும் விதம்: மூன்று வழிகள்

மலிவான கிட்களில் ஒரு பூஸ்ட் சுவிட்ச் இருக்கும். குறிப்பிட்ட பூஸ்ட் வந்ததும் பம்ப் முழு வேகத்தில் ஓடும், இறங்கினால் நிற்கும். ஸ்னோவின் ஸ்டேஜ் 1 இந்த ரகம். சின்ன நாசில் போட்டு, ஒரே பூஸ்டில் ஓடும் வண்டிக்கு இது போதும். கெட்டுப்போக அதில் அதிகம் ஒன்றுமில்லை என்பதும் ஒரு நன்மை.

அடுத்த வழி, பூஸ்ட் ஏற ஏறப் பம்பின் வேகத்தைக் கூட்டுவது. ஏஇஎம் கிட்டும் ஸ்னோவின் ஸ்டேஜ் 2 கிட்டும் இப்படித்தான். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் நாசிலின் இயற்பியல் ஒத்துழைக்காது. நாசில் வழியே போகும் அளவு அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 10 பாரில் 240 சிசி போகும் நாசிலில் 120 சிசி மட்டும் போக வேண்டுமென்றால் அழுத்தத்தை 2.5 பாருக்கு இறக்க வேண்டும். 60 சிசிக்கு 0.6 பார், அதற்கு நாசிலில் உள்ள செக் வால்வே (குறைந்த அழுத்தத்தில் மூடியிருக்கும் ஒருவழி வால்வு) திறக்காது. 2.5 பாரில் வருவது பனித்துளி போன்ற மூட்டம் அல்ல, கனத்த துளிகள். கனத்த துளி வளைவில் திரும்பாது. மேனிஃபோல்டு சுவரில் மோதி, ஓடையாக ஓடி, ஏதோ ஒரு சிலிண்டருக்குள் மொத்தமாகப் போகும். ஆக, "ப்ரொகிரசிவ்" என்று விற்கப்படும் இந்த ரகக் கிட்டில் உருப்படியாக வேலை செய்யும் எல்லை பாதி அளவிலிருந்து முழு அளவு வரைதான். அதைத் தெரிந்துகொண்டு, தொடங்கும் புள்ளியைச் சற்று மேலே வைத்தால் குறையில்லை. உச்ச பூஸ்ட் 1.3 பார் என்றால் 0.7 பாரில் தொடங்கி 1.2 பாரில் முழு அளவுக்கு வரும்படி வையுங்கள். 0.3 பாரில் தொடங்க வைத்தால் பாதி மிதியில் எஞ்சின் திணறும்.

மூன்றாவது வழி, பம்ப் அழுத்தத்தை மாறாமல் வைத்துக்கொண்டு, நாசிலுக்கு முன்னால் வேகமாகத் திறந்து மூடும் ஒரு வால்வால் அளப்பது. அக்வாமிஸ்ட்டின் ஹெச்எஃப்எஸ் வரிசை இந்த வகை. அழுத்தம் எப்போதும் உயரத்தில் இருப்பதால் குறைந்த அளவிலும் துளி நுண்ணியதாகவே இருக்கும். பெட்ரோல் இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரத்தையே பின்தொடர்ந்து அளவைக் கூட்டிக் குறைக்கவும் முடியும். தரத்தில் இதுதான் முதல் இடம். விலையிலும் பொருத்தும் வேலையிலும் கூடவே முதல் இடம்.

இன்ஜெக்டரைப் பின்தொடர்வது ஏன் முக்கியம்? பூஸ்ட் 1.2 பார் என்பது 3,000 ஆர்பிஎம்மிலும் 1.2 பார்தான், 6,000 ஆர்பிஎம்மிலும் 1.2 பார்தான். ஆனால் உள்ளே போகும் காற்று கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. பூஸ்டை மட்டும் பார்க்கும் கிட், 6,000இல் 15 சதவீதம் கொடுத்தால் 3,000இல் 30 சதவீதம் கொட்டும். டார்க் உச்சத்தில் இருக்கும் நடு ஆர்பிஎம்மில்தான் நாக்கிங்கும் கடுமை என்பதால் இது ஓரளவு நல்லதாகவே முடியும். பெரிய நாசில் போட்டால் மட்டும் அங்கே மிஸ்ஃபயர் ஆரம்பிக்கும். ஸ்னோவின் ஸ்டேஜ் 3 பூஸ்டையும் இன்ஜெக்டரையும் சேர்த்தே பார்க்கும். டைரக்ட் இன்ஜெக்‌ஷன் எஞ்சின்களில் மட்டும் இன்ஜெக்டர் ஒயரில் கை வைக்காதீர்கள். அதை இயக்குவது 65 வோல்ட் அளவிலான மின்னழுத்தம். சாதாரண கன்ட்ரோலரின் உள்ளீட்டுக்கு அது ஆகாது.

ஃபெயில்சேஃப்

ஃபெயில்சேஃப் என்றால் தண்ணீர் நின்றதும் எஞ்சினைத் தானாகக் காக்கும் ஏற்பாடு. 1962இல் வந்த ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர் காரில் 10.25 என்ற கம்ப்ரஷனோடு டர்போவும் இருந்தது. நாக்கிங்கைத் தடுக்கத் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த "டர்போ ராக்கெட் ஃப்ளூயிட்" அடித்தார்கள். டேங்க் காலியானால் இன்டேக்கில் இரண்டாவதாக ஒரு பட்டர்ஃப்ளை மூடிக்கொண்டு பூஸ்டை அடக்கும். உரிமையாளர்கள் டேங்கை நிரப்ப மறந்தார்கள், வண்டி இழுக்கவில்லை என்று குறைப்பட்டார்கள். பிற்பாடு பல கார்களில் டர்போவையே கழற்றிவிட்டுச் சாதாரண கார்புரேட்டர் மாட்டப்பட்டது. வியாபாரம் தோற்றது, எஞ்சினியரிங் தோற்கவில்லை. தண்ணீர் இல்லை என்றால் வண்டி மெதுவாகப் போக வேண்டும், எஞ்சின் உடையக்கூடாது என்பதை அவர்கள் அப்போதே சரியாகப் பிடித்திருந்தார்கள். 2016 மாடல் பிஎம்டபிள்யூ எம்4 ஜிடிஎஸ்ஸில் 5 லிட்டர் டேங்க், மூன்று இன்ஜெக்டர், 500 குதிரைத்திறன். அதிலும் தண்ணீர் தீர்ந்தால் எஞ்சின் தானாக அடக்கி வாசிக்கும்.

தனியாக வாங்கும் கிட்களில் "ஃபெயில்சேஃப் உண்டு" என்று எழுதியிருப்பதை அப்படியே நம்ப முடியாது. எதைப் பார்த்து அது முடிவெடுக்கிறது என்று கேளுங்கள்.

லெவல் சுவிட்ச் மட்டும் இருந்தால், டேங்க் காலியாவது தெரியும். ட்யூப் கழன்றதோ நாசில் அடைத்ததோ தெரியாது. பம்ப் இழுக்கும் கரண்ட்டைக் கண்காணிக்கும் கன்ட்ரோலர் ஒரு படி மேல். ஒயர் அறுந்தாலும் மோட்டார் இறந்தாலும் கண்டுபிடிக்கும். பிரஷர் சுவிட்ச் வைத்தால் ட்யூப் கழன்றது தெரியும். நாசில் அடைத்தால் அழுத்தம் இறங்காது, ஏறும்; சுவிட்ச் எல்லாம் நலம் என்றே சொல்லும். நாசில் அடைப்புதான் இந்த அமைப்புகளில் அடிக்கடி வரும் கோளாறு என்பதால் இந்த ஓட்டை சின்னதல்ல.

அடைப்பு, கசிவு இரண்டையும் பிடிக்கக்கூடியது ஃப்ளோ சென்சார் ஒன்றுதான். அளவு குறைந்தால் அடைப்பு, கூடினால் கசிவு. அதனால் கீழ் எல்லை, மேல் எல்லை இரண்டும் வைக்க முடிகிற அமைப்பாக இருக்க வேண்டும். அக்வாமிஸ்ட்டின் மேல் ரகக் கிட்களில் இது உள்ளேயே வருகிறது. ஏஇஎம்மில் ஃப்ளோ மீட்டரோடு கூடிய ஃபெயில்சேஃப் தனிப் பொருளாகக் கிடைக்கிறது. கிட் விலையை ஒப்பிடும்போது அதையும் கூட்டியே ஒப்பிடுங்கள். முழு லோடில் 230 சிசி என்றால் 180க்கும் 290க்கும் எல்லை வைத்துத் தொடங்கலாம். ரொம்ப இறுக்கினால், டயஃப்ரம் பம்பின் துடிப்பிலேயே அளவு ஆடி, வீணாக பூஸ்ட் வெட்டும்.

ஃப்ளோ சென்சாரையும் ஏமாற்றும் அமைப்பு ஒன்று உண்டு. சிலிண்டருக்கு ஒன்றாக நான்கு நாசில் போட்டு, அதில் ஒன்று அடைத்தால் மொத்த அளவு 25 சதவீதம் குறைய வேண்டும். ஆனால் பம்ப் அழுத்தம் சற்று ஏறி மற்ற மூன்றும் கொஞ்சம் கூடுதலாகத் தள்ளும். குறைவது 15, 20 சதவீதமாகத் தெரியும். எல்லைக்குள்ளேயே நிற்கும். அந்த ஒரு சிலிண்டரில் மட்டும் சொட்டுத் தண்ணீர் இருக்காது, டைமிங் தண்ணீருக்கான டைமிங். பிஸ்டனின் ரிங் லேண்ட் (ரிங்குகளுக்கு நடுவிலுள்ள விளிம்பு) உடைவது இப்படித்தான். நாலு நாசில் போடுபவர்கள் ஃபில்டரிலும் தண்ணீரின் சுத்தத்திலும் இரட்டைக் கவனம் வைக்க வேண்டும். அது முடியாதென்றால் த்ராட்டில் பாடிக்கு முன்னால் ஒன்றோ இரண்டோ போதும்.

கண்டுபிடித்த பிறகு என்ன செய்கிறது என்பது அடுத்த கேள்வி. 6,000 ஆர்பிஎம்மில் ஒவ்வொரு சிலிண்டரும் செகண்டுக்கு 50 முறை வெடிக்கிறது. ஆகவே லைட் எரிய விடுவது, பஸ்ஸர் அடிப்பது எல்லாம் ஃபெயில்சேஃப் கணக்கில் சேராது. ஓட்டுநர் பார்த்துக் காலை எடுப்பதற்குள் நூறு வெடிப்பு முடிந்திருக்கும். பூஸ்ட் சோலனாய்டின் (பூஸ்டைக் கட்டுப்படுத்தும் மின்வால்வின்) ஒயரை ரிலே வழியாக வெட்டி, வேஸ்ட்கேட்டை (டர்பைனுக்குப் போகாமல் எக்ஸாஸ்டை வெளியே விடும் கதவை) ஸ்பிரிங் அழுத்தத்துக்கே விடுவது பழைய, நம்பகமான வழி. அதோடு ஈசியூவில் தண்ணீர் இல்லாத ஓட்டத்துக்கான மேப்புக்கு (அமைப்பு அட்டவணைக்கு) மாறவும் வேண்டும். மின்மோட்டாரால் இயங்கும் வேஸ்ட்கேட் உள்ள இன்றைய வண்டிகளில் ஒயரை வெட்டும் வழி செல்லாது. அங்கே ட்யூனரிடம், ஈசியூவில் உபரி உள்ளீடு இருக்கிறதா, அதை வைத்து டைமிங்கையும் பூஸ்டையும் இறக்க முடியுமா என்று கிட் வாங்குவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். முடியாதென்றால் கிட்டுக்காக டைமிங்கைக் கூட்டாதீர்கள். இருக்கிற ட்யூனுக்கு மேல் ஒரு பாதுகாப்பாக மட்டும் அது ஓடட்டும்.

பொருத்தும்போது

நாசிலின் இடம் இன்டர்கூலருக்கு (டர்போவிலிருந்து வரும் சூடான காற்றைக் குளிர்விக்கும் ரேடியேட்டர்) பிறகு, த்ராட்டில் பாடிக்கு 10 முதல் 15 சென்டிமீட்டர் முன்னால். காற்று அளக்கும் மாஸ் ஃப்ளோ சென்சார் இன்டர்கூலருக்குப் பின்னால் இருக்கும் வண்டி என்றால் அதற்கும் பிறகே நாசில் வர வேண்டும். வெப்பநிலை சென்சாரும் நாசிலுக்கு மேல்புறம் இருக்க வேண்டும். இன்டர்கூலருக்கு முன்னால் அடித்தால் தண்ணீர் கூலரின் அடியில் தேங்கும். திடீரென்று மிதிக்கும்போது மொத்தமாக எஞ்சினுக்குள் போய் ஹைட்ரோலாக் ஆகும், அதாவது தண்ணீர் அமுங்காமல் பிஸ்டன் முட்டி நிற்கும். கம்ப்ரஸருக்கு முன்னால் அடிக்கும் முறையும் உண்டு. துளி சற்றுப் பெரிதானாலும் பல்லாயிரக்கணக்கான ஆர்பிஎம்மில் சுற்றும் சக்கரத்தின் விளிம்பை அரித்துவிடும். தினமும் ஓட்டும் வண்டிக்கு வேண்டாம்.

பைப்பின் அடிப்பக்கத்தில் நாசிலை வைக்காதீர்கள். எண்ணெயும் அழுக்கும் அங்கேதான் சேரும். பக்கவாட்டிலோ மேலேயோ வையுங்கள். த்ராட்டிலுக்குப் பிறகு, மேனிஃபோல்டிலேயே போடுவதாக இருந்தால் தண்ணீரை அடைத்து வைக்கும் சோலனாய்டு வால்வு கட்டாயம். ஐடிலில் இருக்கும் 0.6, 0.7 பார் வெற்றிடம், பம்ப் ஓடாவிட்டாலும் டேங்கிலிருந்து தண்ணீரை உறிஞ்சும். டேங்க் டிக்கியில், நாசிலை விட உயரத்தில் இருந்தாலும் இதே நிலைதான். ராத்திரி முழுக்கச் சொட்டி, காலையில் ஸ்டார்ட் செய்யும்போது விவகாரமாகும்.

சோலனாய்டும் செக் வால்வும் நாசிலுக்கு ஒட்டி இருக்கட்டும். டிக்கியில் டேங்க், முன்னால் எஞ்சின் என்றால் ட்யூப் நான்கு மீட்டர் வரும். உள்விட்டம் 4 மில்லிமீட்டர் என்றால் அதற்குள் நிற்கும் தண்ணீர் 50 சிசி. ட்யூப் காலியாக இருந்து நிரம்ப வேண்டுமென்றால் நிமிடத்துக்கு 230 சிசி வேகத்தில் 13 செகண்ட் ஆகும். அதற்குள் மூன்று கியர் மாறிவிடும்.

பம்பை டேங்குக்குக் கீழே, மோட்டார் மேலேயும் பம்ப் தலை கீழேயும் இருக்கும்படி, ரப்பர் புஷ் வைத்து மாட்டுங்கள். தலையில் கசிந்தாலும் தண்ணீர் மோட்டாருக்குள் போகாது. இந்தப் பம்புகள் தள்ளுவதில் கெட்டி, உறிஞ்சுவதில் சோப்ளாங்கி. பம்புக்கு முன்னால் 40, 50 மைக்ரான் ஃபில்டர் வேண்டும். நாசிலுக்குள் இருக்கும் சல்லடை கடைசிக் காவல்தான். பம்புக்கு பேட்டரியிலிருந்து நேராக 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர், 15 ஆம்பியர் ஃபியூஸ், ரிலே. சிகரெட் லைட்டர் ஒயரில் தொற்றவிட்டால் ஓடும், ஆனால் லோடில் வோல்டேஜ் இறங்கி அழுத்தமும் இறங்கும்.

நைலான் ட்யூபைக் கத்தரிக்கோலால் வெட்டாதீர்கள். நுனி சாய்ந்தோ நசுங்கியோ இருந்தால் புஷ் ஃபிட்டிங்கில் முதலில் கசியாது. சூடேறி, 10 பார் வந்த பிறகுதான் கசியும். ட்யூப் கட்டரால் நேராக வெட்டி, ஃபிட்டிங்கின் அடி தட்டும் வரை தள்ளி, ஒருமுறை இழுத்துப் பாருங்கள்.

லெவல் சுவிட்ச், டேங்கில் இன்னும் அரை லிட்டர் இருக்கும்போதே விழும் உயரத்தில் இருக்க வேண்டும். வளைவில் தண்ணீர் அலம்பும்போது வீணாக அலறாமலிருக்க ஓரிரு செகண்ட் தாமதம் வைக்கலாம். கீழே மிச்சம் இருப்பதால் ஆபத்தில்லை. ஃப்ளோ சென்சாருக்கு இந்தத் தாமதச் சலுகை கிடையாது.

நாசில் மேல் எழுதியிருக்கும் எண்

250 சிசி என்று எழுதியிருந்தால், எந்த அழுத்தத்தில் 250 என்று கேளுங்கள். 7 பாரில் அளந்த எண்ணாக இருந்து, உங்கள் பம்ப் 14 பார் தள்ளினால், 1.5 பார் பூஸ்டைக் கழித்த பிறகும் 334 சிசி போகும். கணக்கை விட அளந்து பார்ப்பதே மேல். நாசிலைக் கழற்றி ஒரு பாட்டிலுக்குள் விட்டு, டெஸ்ட் பட்டனை 30 செகண்ட் அழுத்தி, வந்ததை அளவு ஜாடியில் ஊற்றி இரண்டால் பெருக்குங்கள். அப்படியே ஸ்பிரே எப்படி வருகிறது என்றும் பாருங்கள். சீரான கூம்பாக, மூட்டமாக வர வேண்டும். ஒரு பக்கம் மட்டும் கோடாக வந்தால் உள்ளே தூசி. பட்டனை விட்டதும் டக்கென்று நிற்க வேண்டும். நாலைந்து சொட்டுக்கு மேல் வடிந்தால் செக் வால்வு சரியில்லை.

ட்யூன்

தண்ணீர் இல்லாமல், பத்திரமான மேப்பில் ஒரு லாக் (ஓட்டப் பதிவு) எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்: பூஸ்ட், டைமிங், லாம்டா (காற்று-பெட்ரோல் விகிதம்; 1க்குக் கீழே போனால் ரிச்), நாக், இன்டேக் வெப்பநிலை. அடுத்து, எதையும் மாற்றாமல் தண்ணீரை மட்டும் ஓடவிட்டு இன்னொரு லாக். இழுவையில் திக்கல் இருந்தால் தண்ணீர் அதிகம், அல்லது ஸ்பார்க் அணைகிறது. பிளக் கேப்பை 0.8இலிருந்து 0.6 மில்லிமீட்டருக்குக் குறைத்துப் பாருங்கள். அப்போதும் திக்கினால் நாசிலைச் சின்னதாக்குங்கள்.

பிறகு டைமிங்கை ஒவ்வொரு டிகிரியாகக் கூட்டலாம். இரண்டு முதல் நான்கு டிகிரி வரை கிடைப்பது சகஜம். நாக் வரும் வரை கூட்டுவதல்ல முறை; ஒரு டிகிரி கூட்டியும் டார்க் ஏறவில்லை என்றால் அங்கேயே நிறுத்தி ஒரு டிகிரி பின்வாங்க வேண்டும். தண்ணீர் இருக்கும்போது நாக் வராமலேயே தேவைக்கு மீறிக் கூட்டிவிட முடியும், அதன் சுமை ராடும் பேரிங்கும் தாங்க வேண்டியது. ரிச்சாக 0.75 லாம்டாவில் ஓடிய எஞ்சினை 0.80, 0.82 வரை கொண்டுவரலாம். பூஸ்டைக் கடைசியாகத் தொடுங்கள், 0.1 பார் வீதம்.

கூலன்ட் 70 டிகிரி தாண்டும் வரை தண்ணீர் அடிக்காதபடி கன்ட்ரோலரிலோ தெர்மோ சுவிட்சிலோ கட்டுப்பாடு வையுங்கள். குளிர்ந்த எஞ்சினில் ஆவியாகாத தண்ணீர் ரிங் வழியாக ஆயிலில் இறங்கும். ஆயில் மூடியின் உள்பக்கம் மோர் நிறத்தில் பிசுபிசுப்பு தெரிந்தால் இதுதான் காரணமா என்று பாருங்கள்.

இவ்வளவும் முடிந்தபின் ஃபெயில்சேஃப்பைச் சோதிக்காமல் வண்டியை ஒப்படைக்கும் ஒர்க்‌ஷாப்பை நம்பாதீர்கள். பாதி பூஸ்டில் பம்ப் ஃபியூஸைப் பிடுங்கினால் பூஸ்ட் ஸ்பிரிங் அழுத்தத்துக்கு இறங்க வேண்டும். நாசிலுக்குப் பதில் அடைப்பான் மாட்டி ஒருமுறை, ட்யூபைக் கழற்றி பாட்டிலுக்குள் விட்டு ஒருமுறை. மூன்றிலும் வெட்டினால்தான் தேறியது.

எதை ஊற்றுவது

காய்ச்சி வடித்த தண்ணீர் அல்லது டிஅயனைஸ்டு தண்ணீர். குழாய்த் தண்ணீரில் லிட்டருக்கு 300 மில்லிகிராம் உப்பு கரைந்திருந்தால், ஒவ்வொரு லிட்டரிலும் அந்த 300 மில்லிகிராம் நாசிலிலும் வால்விலும் பிஸ்டன் தலையிலும் படியப் பார்க்கும். கூலன்ட், சோப்பு கலந்த வாஷர் திரவம் இரண்டும் கூடாது. முன்னது படிவும் நாக்கும் தரும், பின்னது நுரைக்கும்.

மெத்தனால் சேர்த்தால் உறையாது, ஆக்டேனும் எரிபொருளும் சேர்கிறது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானிய விமானங்கள் பயன்படுத்திய எம்டபிள்யூ 50 கலவையும் பாதிக்குப் பாதிதான், கூடவே அரிப்பைத் தடுக்கச் சிறிது எண்ணெய். பாதிக்குப் பாதியில் 250 சிசி அடித்தால் உள்ளே போகும் 125 சிசி மெத்தனால், ஏறக்குறைய 58 சிசி பெட்ரோலுக்குச் சமம். மேலே சொன்ன எஞ்சினில் மிக்ஸ்சர் 4 சதவீதம் ரிச் ஆகும். பெட்ரோலை அந்த அளவு குறைக்கலாம். ஆனால் குறைத்துவிட்டால், கலவை நின்றுபோகும் நொடியில் குளிர்ச்சியும் போகும், எரிபொருளும் போகும். பாதியைத் தாண்டி மெத்தனால் போகாதீர்கள். விஷம், தோல் வழியாகவும் ஏறும். பகலில் அதன் தீ கண்ணுக்குத் தெரியாது. டிக்கி டேங்கிலிருந்து ஆவி வெளியே போக வழி இருக்க வேண்டும். பம்பின் சீல் ஈபிடிஎம் ரப்பரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சாதாரண விட்டான் மெத்தனாலில் உப்பும். அலுமினியப் பாகங்களையும் அது மெல்ல அரிக்கும்.

யாருக்கு, எந்தக் கிட்

கம்பெனி ட்யூனிலேயே ஓடும் வண்டிக்கு இந்தச் செலவு வேண்டாம். சின்ன இன்டர்கூலர் உள்ள வண்டிக்கு முதலில் இன்டர்கூலரை மாற்றுங்கள். அதை நிரப்ப வேண்டாம், அது அடைக்காது. எத்தனால் அதிகம் உள்ள எரிபொருள் எளிதாகக் கிடைத்து, இன்ஜெக்டரும் பம்பும் தாங்கினால் அதிலேயே இதே பலன் கிடைக்கும். டீசலில் நாக்கிங் பிரச்சினை இல்லை. பாரம் இழுக்கும்போது எக்ஸாஸ்ட் வெப்பத்தை இறக்க மட்டும் உதவும்.

ட்யூன் செய்த டர்போ பெட்ரோல் வண்டி, நல்ல ஆக்டேன் கிடைக்காத இடம், மேடேறும் ஓட்டம் அல்லது ட்ராக் என்றால் கிட் தாராளமாகப் பயன் தரும். டைமிங்கைக் கூட்டாமல் பாதுகாப்புக்கு மட்டும் என்றால் ஏஇஎம் அல்லது ஸ்னோ ஸ்டேஜ் 2 ரகம் போதும். தண்ணீரை நம்பி டைமிங்கும் பூஸ்டும் கூட்டப் போகிறீர்கள் என்றால் ஃப்ளோ மீட்டர் இல்லாத எந்தக் கிட்டும் வேண்டாம். பணம் இருந்தால் நேராக அக்வாமிஸ்ட், இல்லையென்றால் ஏஇஎம்மோடு அதன் ஃப்ளோ ஃபெயில்சேஃப்.

செகண்ட் ஹேண்டில் கிட் வந்தால் கன்ட்ரோலர், டேங்க் இரண்டையும் தயங்காமல் வாங்கலாம். பம்பை மட்டும் ஓடவிட்டுப் பார்க்காமல் வாங்காதீர்கள். குளிர்காலத்தில் வெறும் தண்ணீரோடு கிடந்திருந்தால் உறைந்து பம்ப் தலையில் மயிரிழை விரிசல் விழுந்திருக்கும். சும்மா ஓடும்போது தெரியாது, நாசில் மாட்டி அழுத்தம் ஏறும்போது மூட்டில் வேர்வை போலத் தெரியும். நாசிலும் ட்யூபும் புதிதாகவே வாங்கிக்கொள்ளுங்கள், அதே அளவில் ஒரு நாசில் கூடுதலாக.